திருப்பருப்பத நீர்த்தேக்கமும் சிவாலயங்களும்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தையே சைவர் சிறந்த க்ஷேத்திரமாகக் கொள்வர். தீர்த்தமே பெருகித் தலத்தை மூடி மூர்த்தியை மறைக்கும் நிலை, கடல்கோளும் ஆற்றுப்பெருக்கும் நேர்ந்த சில இடங்களிலன்றிப் பண்டு கேட்கப்பட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் எடுத்தற்பொருட்டுப் பேராறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தபோது, அந்நிலை மக்கள் முன்னரே கணக்கிட்டுச் செய்யுங் காரியமாயிற்று. அதனால் விளைந்த நன்மையும் தீமையும் எத்தகையன என்பதை ஆராய்வார்க்கு, ஸ்ரீசைலமாகிய திருப்பருப்பதத்தின் அடியில் கிருஷ்ணா நதியைத் தடுத்து நிற்கும் அணை ஒன்றே போதிய சான்றாகும்.

திருப்பருப்பதம் மூவர் பதிகமும் பெற்ற வடநாட்டுத் தலம். ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய நம்பியும் திருக்காளத்தியில் எழுந்தருளியிருந்தவாறே இத்தலத்தை நினைந்து பாடினர். ஆளுடைய அரசர் ஒருவரே நேரிற் சென்று தொழுது, அப்பால் தெலுங்க நாடு கடந்து காசி நோக்கிச் சென்றனர். இது சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தால் விளங்கும். இம்மலையினின்றும் வடக்கே போவார் கிருஷ்ணையின் ஆழ்ந்த பள்ளத்தாக்கைக் கடந்தே போதல் வேண்டும். ஆகவே அரசர் கடந்த பேராறு இதுவே என்பது தானே போதரும். மலைமேலிருந்து ஆற்றுக்கு இறங்கும் துறைக்குப் பாதாளகங்கை என்று பெயர். ஆறு எத்துணைத் தாழ்வில் ஓடியது என்பதை அப்பெயரே காட்டும். பதினான்காம் நூற்றாண்டில் ரெட்டி வேந்தனாகிய புரோலய வேமன் அத்துறைக்குப் படி கட்டுவித்தான். இன்று ஆங்கு நீராடுவோர் மூழ்குவது ஓடும் ஆற்றிலன்று, அணை தேக்கி நிறுத்திய நீரிலேயாம்.

ஆற்றின் மேற்போக்கிலுள்ள நாடு சைவ சமய வரலாற்றில் பெரிதும் மதிக்கத்தக்கது. துங்கபத்திரை கிருஷ்ணையோடு கலக்கும் இடத்திற்கு அணித்தாக ஆலம்பூர் உள்ளது. வாதாபிச் சளுக்கியர் காலத்தில், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில், எழுந்த ஒன்பது கற்றளிகள் அவ்வூரில் நிற்கின்றன. அவற்றுக்கு நவபிரமாலயங்கள் என்று பெயர் வழங்கினும், ஒன்பதிலும் எழுந்தருளியிருப்பது சிவலிங்கமே; பெயர் கேட்டார் மயங்கற்க. அரசர் திருப்பருப்பதம் தொழுது சென்ற காலத்திற்கும் இக்கோயில்கள் எழுந்த காலத்திற்கும் இடையே நெடுந்தூரம் இல்லை.

இப்பகுதியில் கிடைத்த ஆமுதாலபாட்டுச் செப்பேடுகள், சளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் கி. பி. 660-இல் சுதர்சனாசாரியர் என்னும் குருவினிடம் சிவமண்டல தீக்ஷை பெற்றதையும், அதன்பொருட்டு நிலம் அளித்ததையும் கூறுகின்றன. அரசன் ஒருவன் ஆகம முறைப்படி தீக்ஷை பெற்றமைக்குக் காலங் குறித்த சான்றுகளுள் மிகப் பழையவற்றில் இஃது ஒன்று. தீக்ஷையின் வரலாறு ஆராய்வார் இதன் அருமையை உணர்வர். ஆற்றின் கீழ்ப்போக்கிலோ, காகதீயர் காலத்தில் கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியர்க்கு அளிக்கப்பட்ட ஊர்க்கொடையை 1261-ஆம் ஆண்டின் மல்காபுரக் கல்வெட்டு உரைக்கின்றது. ஆகக் கிருஷ்ணையின் கரை நெடுகிலும் சைவாசாரியர் தொண்டு நிகழ்ந்திருத்தல் தெளிவு.

இவ்வாற்றில் முதலில் எழுந்த பேரணை திருப்பருப்பதத்தினது அன்று. அதற்குக் கீழே நாகார்ச்சுனசாகர அணைக்கு 1955-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1967-இல் நீர் திறந்துவிடப்பட்டது. அத்தேக்கத்துள் அமிழ்ந்த நாகார்ச்சுனகொண்டைப் பள்ளத்தாக்கைத் தொல்பொருளாராய்ச்சித் துறையார் 1954 முதல் 1960 வரை அகழ்ந்தனர். பௌத்தச் சின்னங்களே மிகுதியாக வெளிப்பட்டமையின் அவையே பலராலும் பேசப்பட்டன. ஆயினும் இக்ஷ்வாகு மன்னன் எஹுவல சாந்தமூலன் காலத்தில் எழுந்த புஷ்பபத்திர சுவாமி கோயிலும் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அது சிவபெருமானுக்குரியது; தென்னாட்டில் கட்டடமாக எழுந்த சிவாலயங்களுள் காலத்தால் மிக முற்பட்டவற்றில் ஒன்று. அதன் பழைய நிலம் இன்று நீரின் கீழ் உள்ளது. சைவ உலகம் இதனை அறிந்து வருந்தியதாகவோ, அறிந்து மகிழ்ந்ததாகவோ தெரியவில்லை!

பிரதமராயிருந்த ஜவஹர்லால் நேரு 1954-இல் பக்ரா நங்கலில் பேசுங்கால், மனிதர் மன்னுயிர் நலங்கருதி உழைக்கும் இத்தகைய இடங்களே புதுயுகத்தின் கோயில்கள் என்னும் கருத்தை வெளியிட்டார். அச்சொல் நாடெங்கும் பரவிற்று. அவரே 1958-இல், அளவிற் பெரியதையே நாடும் வேட்கை ஒரு நோயாகும் என எச்சரித்தமை அவ்வளவு பரவவில்லை. அவர்தாம் 1963-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருப்பருப்பத அணைக்கு அடிக்கல் நாட்டியவர்.

அவ்வணை தொடக்கத்தில் மின்சாரம் ஒன்றையே கருதி வகுக்கப்பட்டது. நல்லமலைக் காட்டினூடே இரு மருங்கும் செங்குத்தான பாறை நெருங்கி நிற்க, ஆறு ஒடுங்கி ஓடும் இடத்தை அதற்குத் தேர்ந்தனர். அணையின் நீளம் 512 மீட்டர், உயரம் 145 மீட்டர், மதகுகள் 12. நிறைநீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 885 அடி. உயரத்தில் நின்ற நீரைக் குழாய்களின் வழியே இறக்கி, அதன் விசையால் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுப்பர். நீரின் வீழ்ச்சி எத்துணை உயரமோ அத்துணைப் பயன் மிகும். ஆதலின் பின்னே நெடுந்தூரம் நிலத்தை மூழ்குவித்தல் இவ்வகை அணைகளுக்கு இன்றியமையாததாகிறது. வலக்கரை நிலையத்தில் 110 மெகாவாட் ஆற்றலுடைய 7 பொறிகளும், பின்னர் இடக்கரையில் நிலத்தடியில் குடைந்தமைத்த நிலையத்தில் 150 மெகாவாட் ஆற்றலுடைய 6 பொறிகளும் நிறுவப்பட்டன. ஆக 1,670 மெகாவாட். ஆந்திர நாட்டின் நகரங்களும் ஆலைகளும் கிணற்றுப் பாசனமும் இவ்வாற்றலால் பெற்ற பயன் பெரிது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

அணையின் பின்னே நீர் பரவிய இடம் ஏறத்தாழ 615 சதுர கிலோமீட்டர். ஆறு முழுதும் மலைக்குள்ளேயே ஓடியிருப்பின் இழப்பு காட்டோடு நின்றிருக்கும். மேலே சென்றால் பள்ளத்தாக்கு அகன்று, கர்நூல் மகபூப்நகர் மாவட்டங்களின் கரிசல் வயல்களும் ஊர்களுமாய் விரிகின்றது. பழைய கோயில்களுட் பல இருந்ததும் அப்பகுதியிலேயே. இரண்டு ஆறுகள் கூடும் துறையிலன்றோ முன்னோர் ஆலயம் எடுத்தனர்! சங்கமம் என்று சாத்திரம் போற்றிய இடங்களெல்லாம் நீர்த்தேக்கத்தின் கணக்கில் தாழ்ந்த நிலங்களாய் முதலில் முழுக வேண்டியனவாயின.

அவற்றைக் காக்க அரசாங்கத்தின் தொல்பொருள் துறையார் எடுத்த முயற்சி பாராட்டத்தக்கதே. எகிப்து தேயத்தில் நைல் நதி அணையின் பொருட்டு அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து மேட்டில் ஏற்றிய செய்தி அக்காலத்தில் உலகறிந்ததாயிருந்தது. இங்கும் அவ்வாறே கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, படம் வரைந்து, சிகரத்திலிருந்து அடிவரை பிரித்து, மேட்டு நிலத்தில் பழைய வரிசைப்படி அடுக்கினர். துங்கபத்திரை கிருஷ்ணையோடு கூடும் துறையில் நின்ற கூடலிச் சங்கமேசுவரர் கோயில், சளுக்கியர் திருப்பணிகளுள் எழில் மிக்கது. உயர்ந்த பீடத்தின்மேல் நாற்புறமும் திருமதிலோடு அமைந்தது. அஃது ஆலம்பூருக்குப் பெயர்க்கப்பட்டது. பாபநாசிக் கோயிற் கூட்டமும் இடம் மாறிற்று. ரூபால சங்கமேசுவரர் ஆலயம் கர்நூல் அருகே ஜகந்நாத கட்டு என்னும் குன்றின்மேல் ஏறிற்று. சோமசிலையில் லலிதாம்பிகை சோமேசுவரர் கோயில்கள் கரைமேல் மீண்டும் எழுந்தன. ஆலம்பூர் நவபிரமாலயங்களை மட்டும் அசைக்காமல், நீர் அணுகாவண்ணம் அரண் எடுத்துக் காத்தனர்.

ஈண்டு ஆகமம் வல்லார் ஆராயவேண்டிய ஐயம் ஒன்று எழும். பெயர்த்த கோயில் அந்தக் கோயில்தானா? சீரணோத்தாரண விதி இதனை முன்னரே எண்ணிப் பார்த்துள்ளது. முனிவர் முதலாயினாரும் தந்திரம் உணர்ந்தோரும் நிறுவிய இலிங்கம் பழுதுற்றாலும் பிளவுற்றாலும் அசைக்கற்பாலதன்று என்பது ஒரு விதி. ஆற்றுப் பெருக்கு முதலியவற்றால் பெயர்க்கப்படுமாயின் வேறோரிடத்தில் முறைப்படி நிறுவலாம் என்பது பிறிதொரு விதி. இவ்விரண்டும் அக்கினி புராணத்தின் சீரணோத்தாரணப் பகுதியில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. இரண்டாம் விதி ஆறு தானே பெருகி இடர் விளைக்கும் நிலையைக் கருதியது. மனிதர் ஆற்றை நிறுத்திக் கோயில்மேல் ஏற்றும் நிலையைக் கருதியதன்று. ஆயினும் இடர் வந்தபின் அதன் காரணம் நோக்கி இறைவனை நீருள் விடுதலினும், கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் எழுந்தருளுவித்து மேட்டில் பிரதிட்டை செய்தலே சிறந்ததெனத் தோன்றுகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன். மந்திரத்தால் கல்லிடத்து விளங்குபவன். கல் இடம் மாறியதால் அவனுக்கு வந்த குறை யாதும் இல்லை. குறை வந்தது தலத்துக்கும் தீர்த்தத்துக்குமே. கூடலிச் சங்கமேசுவரர் இன்று கூடலில் இல்லை. சங்கமத்திற்கு ஈசுவரர் என்னும் திருநாமம் மட்டும் ஆலம்பூரில் நிற்கிறது.

இதற்கு நேர் எதிராய் நிற்பது முச்சுமர்ரியை அடுத்த சங்கமேசுவரம். ஏழு நதிகளின் நீர் அங்கே கூடுவதாகக் கொண்டு அதனை சப்தநதி சங்கமம் என்பர். அவற்றுள் பவநாசி ஒன்றே கிழக்கினின்றும் மேற்கு நோக்கி வருவதாய், ஆண் நதியாகக் கருதப்படுவது. மூலவர் வேப்பமரத்தாலாகிய இலிங்கம். தருமர் நிறுவியதென்பது அத்தல வரலாறு. மரத்தால் இலிங்கம் அமைத்தல் ஆகமங்கள் உடன்பட்ட முறையே எனினும், நெடுங்காலம் வழிபாட்டில் நின்ற மரலிங்கங்கள் மிகச் சிலவே. இம்மூர்த்தி பெயர்க்கப்படவில்லை. 1981 முதல் தேக்கத்துள் மூழ்கி, கோடையில் நீர் வற்றுங்கால் கோயிலின் இடிந்த சுவரும் கருவறையும் வெளிப்படுகின்றன. அப்போது சேற்றை அகற்றி அபிடேகமும் அருச்சனையும் செய்வர். தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்வர். மழைக்காலத்தில் நீர் மீண்டும் ஏறும்போது இறுதித் தீபாராதனை காட்டி விடைபெறுவர். ஒவ்வோராண்டும் நீர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவே பூசைக்காலம். நீர் குறையாத ஆண்டில் தரிசனம் அரிது. நித்திய பூசை என்னும் விதி இங்கே பஞ்சாங்கத்தின் கையிலிருந்து மதகுக் காவலர் கைக்குச் சென்றது என்க.

ஆயின் இவ்வரலாற்றில் மிக வருந்தத்தக்க பகுதி கோயிலைப் பற்றியதன்று. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் நீருக்கு இரையாயின. இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் மனை இழந்தனர். 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி அவர்களுக்குப் பொருள் அளிக்கப்பட்டது. நிலத்திற்கு நிலம் அளிக்கப்படவில்லை. இத்துணைக் குடும்பங்கள் ஒரே காலத்தில் நிலம் தேடியதால் சுற்றுப்புறத்தில் விலை ஏற, கையிற் பெற்ற பொருள் போதாதாயிற்று. சொந்த நிலமின்றிக் கூலிக்கு உழைத்தோர்க்கும், ஆற்றையும் காட்டையும் நம்பியிருந்தோர்க்கும் கணக்கில் இடமே இல்லை. 1981-இல் நீர் ஏறும் முன் வெளியேறாதிருந்தோரின் வீடுகளை ஆள் வைத்து இடித்தனர். வீடிழந்த குடும்பங்களுக்கு அரசாங்க வேலை அளிக்க 1986-இல் ஆணை பிறந்தது; அதன் பயனை எதிர்நோக்கிப் பல்லாண்டு காத்திருந்தோர் பலர்.

கோயிற் கல்லுக்கு எண் இட்டு அடுக்கிய அதே ஆண்டுகளில், அக்கோயிலுக்கு விளக்கு ஏற்றியவனும் பூப்பறித்தவனும் பறையறைந்தவனும் எங்கே சென்றனர் என்று எண்ணிட்டு வைத்தார் இலர். அடியார்க்கு ஈவது இறைவனைச் சேரும். ஆனால் கோயிலில் உள்ள இறைவனுக்கு ஈவது அடியாரைச் சேராது என்று திருமூல தேவர் முறை வகுத்தமை சைவர் அறிந்ததே. அம்முறைப்படி முதலில் பெயர்த்து நிலைநிறுத்தற்குரியவை எவை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெயர்ந்த கோயில்களுட் சில ஊரின்றித் தனித்து நின்று, காண்போர்க்குச் சிற்பக் காட்சியாய் மட்டும் இருத்தலும் இதனால் நேர்ந்த குறையே. திருவிழாவுக்குத் தேரிழுக்க ஊர் வேண்டுமல்லவா?

அணை கட்டியோர் எண்ணியவாறே யாவும் நடந்தனவும் அல்ல. தொடக்கத்தில் 308 டி.எம்.சி. நீர் கொள்ளும் என்று கணக்கிடப்பட்ட தேக்கம், மேலேயிருந்து வரும் வண்டல் படிந்து படிந்து 215 டி.எம்.சி. அளவுக்குக் குறைந்துவிட்டது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) ஆறு எப்போதும் கடலுக்குக் கொண்டுபோன மண், அணையால் தடையுண்டு அங்கேயே அமர்கின்றது, சங்கமேசுவரத்தின் கருவறையில் ஆண்டுதோறும் வாரி எறியப்படும் சேறும் அதுவே. நொடிக்கு 19 இலட்சம் கன அடி வெள்ளத்தைக் கடத்துமாறு அமைந்த அணைக்கு 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளில் 25 இலட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. அணை நிலைத்தது, ஆயினும் கர்நூல் நகரமும் ஆலம்பூர்ப் பகுதியும் நீரில் ஆழ்ந்தன. மேட்டுக்கு ஏற்றிக் காத்த இடங்களையும் ஆறு தேடி வந்ததென ஊரார் கூறின் அதனை மறுத்தல் எளிதன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இடக்கரை நிலத்தடி நிலையத்தில் தீப்பற்றி, பணியாளர் ஒன்பதின்மர் உயிர் நீத்தனர். மின்சாரத்தின் விலையைக் கணக்கிடுவார் இவ்வுயிர்களையும் சேர்த்துக் கணக்கிடுக.

தமிழ்நாட்டார்க்கு இவையெல்லாம் பிறர் கதை அல்ல. 1934-இல் நிறைவேறிய மேட்டூர் அணையின் நீர் தாழுங்கால், பண்ணவாடியில் சலகண்டேசுவரர் ஆலயத்து நந்தி தலை காட்டுதலைச் சேலத்தார் நன்கறிவர். அதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. சென்னை நகரின் குடிநீர்க்கு ஆண்டொன்றுக்கு 15 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தருவதென மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் என்னும் மூன்று நாட்டரசுகளும் 1976-இல் இசைந்தன. அதன் பயனாய் 1983-இல் தொடங்கிய தெலுங்கு கங்கைத் திட்டத்தின்படி, திருப்பருப்பதத் தேக்கத்தினின்று போத்திரெட்டிப்பாடு மதகின் வழியே நீர் பிரிந்து, வெலுகோடு, பெண்ணையாற்றுச் சோமசிலை, கண்டலேறு என்னும் தேக்கங்களைக் கடந்து, 1996-இல் முதன்முறையாகத் திருவள்ளூரை அடுத்த பூண்டி ஏரியை அடைந்தது. மின்சாரத்துக்கென நிறுத்திய நீர் இவ்வாறு குடிநீரும் ஆயிற்று. சங்கமேசுவரத்தை மூடி நிற்கும் நீரில் ஒரு பங்கு சென்னையில் சைவர் இல்லங்களிலும் பூசைச் செம்பில் நிறைகின்றது.

பூண்டியும் ஒரு பாடல் பெற்ற தலத்தை விழுங்கி எழுந்ததே. சங்கிலியார்க்குத் தந்த சூளுறவு கடந்து திருவொற்றியூரை நீங்கிய ஆளுடைய நம்பி, இரு கண்ணும் மறையப் பெற்று வந்து, இறைவனிடம் ஊன்றுகோல் பெற்ற தலம் திருவெண்பாக்கம். குசத்தலையாற்றின் கரையில் இருந்த அக்கோயில், 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது மூழ்கும் நிலத்துள் அகப்பட்டது. ஊன்றீசுவரரைப் பெயர்த்து ஏரியின் கரையில் புதிய ஆலயம் எடுத்து, 1968-இல் கும்பாபிடேகம் செய்வித்தனர். காளத்தியில் இருந்து நம்பி நினைந்து பாடிய பருப்பதத்தின் அடிநீர், அவர் கோல் பெற்ற பழைய நிலத்தின்மேல் இன்று வந்து நிற்கின்றது. கரையிலுள்ள புதிய கோயிலில் கோலூன்றிய நம்பியின் திருவுருவமும், அவர் எறிந்த கோல் பட்டுக் கொம்பு முறிந்ததாகச் சொல்லும் நந்தியும் உள்ளன. அங்கே வழிபடுவோர் பலர். எதிரே விரிந்து கிடக்கும் ஏரியின் நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவார் சிலரே.